கசமும் என் மனைவியின் வாயும்

எட்டாம் வகுப்பை நான் எட்டிப் பார்த்தேனே தவிர உள்ளே போகவில்லை. இன்றைக்கும் இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எனக்கு வியர்க்கும். ஆனால் எண்டோமெற்றியம் என்று பிசகில்லாமல் சொல்லுவேன். கருப்பையின் உள்ளே மெத்தை போலப் படிந்திருக்கும் தோலுக்கு அதுதான் பெயர். முட்டை எந்தக் குழாய் வழியாக வருகிறது, எங்கே வந்து தங்குகிறது என்றெல்லாம் படம் கீறிக் காட்டுவேன். என் வயதில், என் படிப்பில், தெற்கு லண்டனில் இதைச் செய்யக்கூடிய இன்னொரு தமிழ் ஆம்பிளை இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்.

இதையெல்லாம் நான் என் மனைவியோடு ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கிப் படித்தேன். என் கடையைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். எழுத நிறைய இருக்கிறது. இலங்கையில் கலவரம் நடந்த பிறகு கையில் ஒரு பையோடு வந்து இறங்கியவன் நான். பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, வாறவன் போறவனிடம் இங்கிலீசு பிடுங்கிப் படித்தவன். விளைமீனும் பனங்கிழங்கு இடித்த ஒடியல் மாவும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் கடையை டூட்டிங் பக்கம் முதலில் திறந்தவன் நான்தான். இரண்டாவதாகத் திறந்தவர் இதை மறுப்பார். அவரையும் கேளுங்கள், அவர் மீன் வாங்கிப் பழகியதே என்னிடம்தான். ஆனால் கடையைப் பற்றி எழுதினால் என் கெட்டித்தனம் மட்டும்தான் தெரியும். என்னைவிடப் பெரிய கெட்டிக்காரி ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள், இருக்கிறாள். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்குக் கலியாணம் பேசினார்கள். பேசியது கோலியர்ஸ் வுட்டில் இருந்த என் அக்கா. அக்கா விசாரிக்கத் தொடங்கினால் பொலீசுக்காரன் கை கட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். பெண்ணின் குடும்பத்தில் வருத்தம் வாதை, நோய் நொடி உண்டா என்று ஊரில் நாலு பேரைப் பிடித்துக் கேட்டா. ஒரு சின்னம்மா இளவயதில் தொய்வு வந்து செத்தவ, வேறு ஒன்றும் இல்லை என்று மறுமொழி வந்தது. மூச்சிழுப்பு யாருக்குத்தான் இல்லை, பரவாயில்லை என்று அக்கா சம்மதித்தா. குரோய்டனில் குடிவரவு அலுவலகத்தின் பெரிய கட்டடத்தின் முன்னால் விறைக்க விறைக்க வரிசையில் நின்று விசா அலுவலை நானே பார்த்து முடித்தேன். அவள் வந்து இறங்கியதும் விமான நிலையத்தில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். சுத்தமான நெஞ்சு என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் படம் சொன்னது உண்மைதான். நெஞ்சில் ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு வருடம் போனது, இரண்டு போனது, பிள்ளை வரவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதை விசாரிப்பது வேலை நேரம் பார்க்காத ஒரு வேலை. கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன தம்பி, விசேசம் ஒண்டுமில்லையோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் தூக்குவார்கள். அக்கா என் மனைவியைக் கந்தசஷ்டி பிடிக்கச் சொன்னா. ஆறு நாளும் சோறு தண்ணீர் ஒறுத்து, பாலும் பழமுமாக இருந்து, ஏழாம் நாள் பாறணைச் சோறு உண்பது. பிள்ளை வேண்டுமென்று எத்தனையோ பெண்கள் பிடிக்கிற விரதம் அது. மனைவி பிடித்தாள். அடுத்த வருடமும் பிடித்தாள்.

அவள் மெலிந்துகொண்டே போனாள். பின்னேரங்களில் உடம்பு சுட்டது. விரதம் முடிந்து மாதக்கணக்கான பிறகும் அந்த மெலிவும் சூடும் போகவில்லை. விரதத்தில் உடம்பு காய்ந்து போயிற்று, அந்தச் சூடுதான் என்றார்கள். மாதவிலக்கு குறைந்து, பேருக்கு வந்து போனது. குளிர் நாடு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கோயில் மண்டபத்தில் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது, இப்படியல்லவோ விரதம் பிடிக்க வேண்டும் என்று புகழ்ந்தார்கள். மற்றப் பெண்களுக்கு அவளைக் காட்டிக் காட்டி அக்கா பெருமைப்பட்டா. ஒரு பெண்ணை வருத்தம் தின்றுகொண்டிருக்க, நாங்கள் எல்லோரும் அதைப் பக்தி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் பகுதி டொக்டர் ஒரு வெள்ளைக்கார மனிசன், நல்லவர். வேலையைக் குறையுங்கள், கடற்கரைப் பக்கம் போய் இளைப்பாறுங்கள் என்றார். கடையை யார் பார்ப்பது என்று கேட்டேன், சிரித்தார். பிறகு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கே முதலில் என்னைத்தான் சோதிக்க வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஆம்பிளைகள் இதற்குப் போகமாட்டார்கள். பெண்ணை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு வெளியில் நின்று சிகரெட் குடிப்பார்கள். நான் போனேன். ஒரு சின்ன அறையில், கையில் ஒரு சின்னப் போத்தலோடு, எங்கள் ஆட்களில் எவனும் படாத வெட்கத்தைப் பட்டுவிட்டு வெளியே வந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதை அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே பழி முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று தெரியும்.

பிறகு மனைவியின் கருப்பைக்குள் மருந்து செலுத்தி ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவ ஒரு பெண் டொக்டர். மதுரைப் பக்கத்துத் தமிழ். உயரம் குறைவு, குரல் பெரிது. ஊரில் படித்து, ஊர் ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ பெண்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவ. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இரண்டு பக்கமும் மருந்து போகாமல் நின்றுவிட்ட இடத்தை விரலால் காட்டினா. குழாய் மணிமணியாகத் திரண்டு கிடந்தது. மனைவி பக்கம் திரும்பிக் கேட்டா:

"சின்ன வயசுல வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சாம்மா?"

நான் முந்திக்கொண்டேன். "இல்லை டொக்டர். நல்ல குடும்பம். எல்லாம் விசாரிச்சுத்தான் கட்டினது."

"சார், நான் குடும்பத்தோட தரத்தைக் கேக்கல. இருமலைக் கேக்குறேன். அவங்க சொல்லட்டும்."

மனைவி கையிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"என்ர சின்னம்மாவுக்கு இருந்தது. தொய்வு எண்டுதான் ஊருக்குச் சொன்னவை. அது கசம். நான் சின்னனில அவவோட ஒரே பாயில படுத்தனான்."

கசம் என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காசநோய்தான், டி.பி.தான். ஆனால் அந்தச் சொல் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் அந்த வீட்டில் கலியாணம் நடக்காது. வருத்தக்காரருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய். செத்த பிறகும் பெயரை மாற்றித்தான் சொல்வார்கள். என் மனைவிக்குக் கீழே இரண்டு தங்கைகள் ஊரில் கலியாணத்துக்கு இருந்தார்கள். கட்டின புருசன் பக்கத்தில் இருக்கிறான். அவனுடைய அக்கா விசாரித்து ஏமாந்த பொய்யை, அவன் முகத்துக்கு நேரே உடைக்கிறாள். என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு அம்மா சத்தியம் வாங்கினவ. இப்ப டொக்டர் கேக்கிறா. இதுக்குப் பொய் சொல்ல ஏலாது."

அந்த டொக்டர் எழும்பி வந்து அவளுடைய தோளில் கை வைத்தா. "நீங்க இதைச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? இங்க பாதிப் பேர் சொல்லவே மாட்டாங்க. நாங்க இருட்டுல தேடிக்கிட்டு இருப்போம்," என்றா.

பிறகு எங்கள் இருவருக்கும் விளங்கும்படி சொன்னா. கசக் கிருமி சின்ன வயதில் மூச்சோடு உள்ளே போகிறது. நெஞ்சில் ஒன்றும் செய்யாமல், இரத்தத்தோடு போய்க் குழாயில் குந்திவிடும். வருடக்கணக்காகத் தூங்கும். பிறகு எழும்பித் தின்னத் தொடங்கும். பெண்ணுக்கு வலி பெரிதாகத் தெரியாது, இருமல் இருக்காது. பிள்ளை வராது, அவ்வளவுதான் தெரியும். அதனால்தான் யாரும் தேடிப் போவதில்லை.

காருக்குள் வந்து இருந்தோம். நான் கோபக்காரன், ஊருக்கே தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் எனக்கு. ஒன்றும் பேசாமல் காரை எடுத்தேன்.

"கோபமெண்டால் பேசுங்கோ. பேசாமல் காரை ஓடி அங்கால வாற பஸ்ஸில இடிச்சுப் போடாதேங்கோ," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஒரு மனிசனால் எப்படிக் கோபப்படுவது? அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தொப்புளுக்குக் கீழே சின்னத் துளை போட்டுக் கமெரா விட்டுப் பார்த்தார்கள். மாதவிலக்கு வருவதற்குச் சற்று முன்னர் கருப்பைத் தோலில் ஒரு துளி சுரண்டி எடுத்தார்கள். அந்தத் துளியில் கிருமி வளருகிறதா என்று பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வளர்ந்தது. என் நெஞ்சையும் படம் பிடித்தார்கள். இரும்பு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன், அவர்கள் அப்படி எழுதவில்லை, ஆனால் ஒன்றும் இல்லை என்றார்கள்.

மருந்துக் குளிசை தொடங்கியது. அரை வருடத்துக்கு மேல், ஒரு நாளும் தவறாமல். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கை நிறைய. வயிற்றைப் புரட்டிச் சத்தி வரும், தலை சுற்றும், தோல் கடிக்கும். முதல் வாரம் சிறுநீர் செக்கச்செவேலென்று போக, நான் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன். அங்கிருந்த தாதி சிரித்துவிட்டு, மருந்தின் நிறம்தான், கண்ணீர்கூட அப்படி வரலாம் என்றா. என் மனைவியோ குளியலறைக்குள் நின்றுகொண்டு, "கோயில் குங்குமம் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்ச மாதிரிக் கிடக்கு," என்று பகிடி விட்டாள். வயிற்றில் கூட நிற்காத மருந்தை விழுங்கிக்கொண்டு பகிடி விடுகிறவளை நான் வேறெங்கும் கண்டதில்லை. நான் மூக்கு ஒழுகி ஒரு தடிமன் வந்தாலே கடையைப் பூட்டிவிட்டு முனகிக்கொண்டு கிடப்பேன்.

அந்த வருடக் கந்தசஷ்டி வந்தது. மண்டபத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். நான் கடையிலிருந்து கொண்டுபோன அரிசி மூட்டைகளை வாசலில் இறக்கிக்கொண்டு நின்றேன், ஆகவே எல்லாம் காதில் விழுந்தது. என் மனைவி தேத்தண்ணீரும் வடையும் எடுத்ததைக் கண்டு அக்கா, இத்தனை வருடம் பிடித்துவிட்டு இந்த வருடம் இடையில் விடலாமா, அதனால்தானே பிள்ளை தங்குதில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா.

"நான் இந்த வருசம் பிடிக்கேல்லை மச்சாள். எனக்குக் கர்ப்பப்பையில கசம். குளிசை எடுக்கிறன்."

என் கையிலிருந்த மூட்டை அப்படியே நின்றது. மனைவிக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் தேத்தண்ணீர்க் கோப்பையை மெல்ல அங்கால் நகர்த்தினா. அதை என் மனைவியும் கண்டாள்.

"இது இருமித் தொத்துற இடத்தில இல்லை. நீங்கள் பயப்பிடாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

எங்கேயோ ஒரு கிழவி வாயைப் பொத்திச் சிரித்தா. அக்கா விறுவிறென்று வெளியே வந்து, "தம்பி, உன்ர மனிசியின்ர வாய்க்குப் பூட்டில்லையோ?" என்று என்னைக் கேட்டா. இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் அக்கா வரவில்லை. ஊருக்கும் செய்தி போய், ஒரு தங்கைக்குப் பேசிய கலியாணம் குழம்பியது. அதற்காக என் மனைவி அழுதாள். சொன்னதற்காக அழவில்லை. அந்தத் தங்கைக்கு ரொறன்ரோவில் நல்ல பெடியன் ஒருவனை நானே தேடிப் பிடித்துக் கட்டிவைத்தேன். பெண்ணின் சின்னம்மாவுக்குக் கசம் என்று முதலிலேயே சொல்லித்தான் பேசினோம். என் மனைவி அப்படித்தான் பேச விட்டாள்.

குளிசை முடிந்தபோது அவள் உடம்பு தேறிவிட்டது. பின்னேரச் சூடு போய்விட்டது. கன்னம் வந்தது. மீண்டும் அந்தப் படம் எடுத்தார்கள். குழாய் இரண்டும் முன்போலவே அடைத்துக் கிடந்தன. அடைத்த பைப்பைப் பிளம்பர் வந்து திறக்கிறான், இதை ஏன் திறக்க ஏலாது என்று நான் கேட்டேன். மதுரை டொக்டர், உள்ளே முழுவதும் தழும்பாகிவிட்டது, தழும்பைத் திறக்க முடியாது, ஆனால் குழாயைச் சுற்றிக்கொண்டு வேறு வழி போகலாம் என்றா. முட்டையை வெளியே எடுத்து, கண்ணாடிக்குள் கருவாக்கி, திரும்ப உள்ளே வைப்பது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆட்களில் அதைச் செய்துகொண்டவர்கள் இருந்தால் வெளியில் சொல்லவில்லை.

செய்தோம். அவள் தொடையில் தானே ஊசி போடப் பழகினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண்ணாடிக்குள் கரு உண்டானது என்று போனில் சொன்ன அன்று, கடையில் நின்ற சனம் எல்லோருக்கும் காரணம் சொல்லாமல் லட்டு கொடுத்தேன். உலகத்தில் எங்கேயோ ஓர் அறையில், ஒரு சின்னத் தட்டில், எங்கள் பிள்ளை இரண்டொரு நாள் உயிரோடு இருந்தது. அதை உள்ளே வைத்தார்கள். தங்கவில்லை. இன்னொரு முறையும் வைத்தார்கள். அதுவும் தங்கவில்லை. பிறகு கமெரா விட்டுப் பார்த்ததில் விசயம் தெரிந்தது. குழாயை மட்டும் அல்ல, அந்த எண்டோமெற்றியத்தையும் கசம் தின்றிருந்தது. மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் தழும்பு.

"இனிமே பண்ண வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்," என்றா டொக்டர். அவவின் பெரிய குரல் அன்றைக்குச் சிறுத்துப் போயிருந்தது. "உங்க உடம்பைத்தான் கெடுக்கும்."

மனைவி கேட்டாள். "வருத்தம் முழுக்க மாறிட்டுதோ டொக்டர்?"

"ஆமா. அது சுத்தமாப் போயிருச்சு. அது விட்டுட்டுப் போன தழும்புதான் இருக்கு."

"அப்ப நான் வருத்தக்காரி இல்லை."

"இல்லவே இல்லை."

அன்றைக்கு எனக்குக் கார் ஓட ஏலவில்லை. கார் பூட்டின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே நின்றேன். அவள் திறப்பை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேல்மாடியில் முன் இருக்கையில் இருந்தோம். நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவள் வீடு வந்து, கதவைச் சாத்தி, சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் அழுதாள்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தா. எனக்கு ஒன்றும் சொல்லாமல் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தா. சண்டைக்கு வரவில்லை, உண்மையான கவலையோடுதான் பேசினா. உழைத்த உழைப்புக்கு ஒரு வாரிசு வேண்டாமா, உன் மனிசிக்கும் வீடு தந்து வைத்துப் பார்க்கலாம், வருத்தக்காரியை யாரும் தெருவில் விடச் சொல்லவில்லை என்றா. என் மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து, அதை மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்து அக்காவுக்கு முன்னால் இருந்தாள்.

"இவருக்குப் பிள்ளை வேணுமெண்டால் போகட்டும் மச்சாள். நான் மறிக்கமாட்டன். ஆனா நான் வருத்தக்காரி எண்டு சொல்லிக்கொண்டு போகக் கூடாது. எனக்கு வந்த வருத்தம் மாறிட்டுது. மாத்தினது நான்."

அக்கா என்னைப் பார்த்தா. மனைவி என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. என்னிடம் கெஞ்சவும் இல்லை, என் மறுமொழிக்காகக் காத்திருக்கவும் இல்லை. கோப்பைக்குச் சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரோடு விலை பேசியிருக்கிறேன். இவ்வளவு நிமிர்ந்து ஒருவர் தன் பக்கத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"தேத்தண்ணி ஆறுது அக்கா," என்றேன். "குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. அந்தப் பிள்ளைக்கு வேற நல்ல இடமாப் பாருங்கோ."

அக்கா குடித்தா. போகும்போது வாசலில் என் மனைவியின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றா. என்ன சொன்னா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கே கலியாணம், எங்கே பெண் பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு என்றாலும், புதிதாக அறிமுகமாகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், பிள்ளைகள் எத்தனை என்று. மற்றப் பெண்கள் என்றால் தலையைக் குனிவார்கள், அல்லது கடவுள் தரவில்லை என்பார்கள். என் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "இல்லை. கர்ப்பப்பையில கசம் வந்தது, சுகமாக்கிப் போட்டன், ஆனா பிள்ளை தங்காது," என்று இடுப்பு, நாரி வலியைச் சொல்வதுபோலச் சொல்வாள். கேட்டவர் வாயிலிட்ட சோறு நடுவழியில் நிற்கும். எனக்கு அந்த நேரங்களில் வருகிற பெருமை, கடை திறந்த அன்றுகூட வந்ததில்லை.

பிறகு சில நாளில் அவர்களில் ஒருத்தி கடைக்கு வருவாள். தேவையில்லாத ஒரு பருப்புப் பையைத் தூக்கிப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். என்னைக் கண்டதும் விலை கேட்பாள். தங்கைக்கு, மருமகளுக்கு, இல்லையென்றால் தனக்கே பின்னேரங்களில் உடம்பு சுடுகிறது, பிள்ளை வரவில்லை. ஒருத்தி நேரத்தோடு போய் மருந்தெடுத்து, குழாய் கெட முன்னம் தப்பி, பிள்ளைகளும் பெற்றாள். வேறு சிலருக்குப் பிந்திவிட்டது. சிலருக்கு அது கசமே இல்லை. எல்லோரோடும் என் மனைவி கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்து கதைப்பாள், டொக்டரிடம் என்ன கேட்க வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று.

எனக்கும் சொல்லத் தெரியும். படம்கூடக் கீறிக் காட்டலாம். ஆனால் அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் எப்போது போவேன் என்று. அந்த நேரத்தில் பின்னால் களஞ்சிய அறைக்குள் போய், அடுக்கி வைத்த வெங்காய மூட்டைகளைத் திரும்பவும் இறக்கி அடுக்கிக்கொண்டிருப்பேன்.